லேபில் ஒருத்தி, சபையில் ஒருத்தி: இப்படி எத்தனை நாள்?

மரபணு மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மரபியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். விசுவாசக் குடும்பம். ஜெபமும் வேத வாசிப்பும் என்மேல் யாரும் திணித்தவை இல்லை. நொறுங்கிப்போன நாட்களில் என்னை எழுந்து நிற்கவைத்தவை. ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன்.

என்னை உலுக்கியது இது. மனிதருக்கு மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம் 23 ஜோடி. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. எல்லோரும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருந்தால் நம்மிடம் ஒரு ஜோடி குறைவது ஏன்? முழுக் குரோமோசோம் ஒன்று தொலைந்துபோயிருந்தால் நாம் பிழைத்திருக்கவே மாட்டோம். அப்படியானால் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால் தடயம் இருக்க வேண்டும்.

இருக்கிறது. குரோமோசோமின் நுனிகளில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறு டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். நுனியில் இருக்கவேண்டிய இந்த வரிசை, நம் இரண்டாம் குரோமோசோமில் நுனியை விட்டு வெகுதூரம் உள்ளேயும் கிடக்கிறது. டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்று ஓடிவந்து, ஓரிடத்தில் சட்டென்று சி-சி-சி-டி-ஏ-ஏ என்று எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு நுனிகள் நேருக்கு நேர் ஒட்டினால் எப்படி இருக்குமோ, அப்படியே. அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, இப்போது வேலை செய்யாத இரண்டாவது சென்ட்ரோமியரின் மிச்சமும் இருக்கிறது (செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம்தான் சென்ட்ரோமியர், ஒரு குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும்). ஒட்டிய இடத்தை 1991இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பாடமாகப் படித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மரபுத்தொகுதித் தரவைத் திறந்து அந்த எழுத்துகளை நானே வரி வரியாகப் பார்த்தேன். சில எழுத்துகள் மாறி, சில விட்டுப்போய், காலத்தில் தேய்ந்த பழைய தழும்பு மாதிரி இருந்தது. அன்று ராத்திரி ஜெபிக்க உட்கார்ந்தவளுக்கு வார்த்தை வரவில்லை.

வரும் வாரம் ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் முதல் அதிகாரம். ஒரு பையன் முன்கூட்டியே கேட்டுவிட்டான்: "அக்கா, நோவா பேழையில டைனோசர் இருந்துச்சா?" அடுத்த வாரம் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"விசுவாசம் வேறு, விஞ்ஞானம் வேறு, இரண்டையும் கலக்காதே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது எனக்கு உதவவில்லை. நம் விசுவாசம் வெறும் நன்னெறி இல்லையே. இன்னது நடந்தது, இன்னார் மரித்து எழுந்தார் என்று சொல்லும் விசுவாசம். நடந்தது என்று சொன்னால் ஆதாரம் கேட்கத்தான் செய்வார்கள். லேபில் ஒரு நேர்மை, சபையில் ஒரு நேர்மை என்று எனக்கு வாழத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே மனசாட்சியோடு பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே இருந்தால், எப்படி என்று சொல்லுங்கள்.

---

பெரோயா பட்டணத்தான் எழுதியது:

சகோதரி, கேள்வி கேட்டதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக்கூடாது. பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பெரோயா ஊரார். அவர்களை வேதம் பாராட்டுகிறது.

ஆனால் என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன். எனக்கு டைனோசர் பெரிய விஷயம் இல்லை, ஆதாம்தான் விஷயம். ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தது என்று ரோமர் 5 சொல்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மரணம் ஏற்கெனவே இருந்தது என்றால், சிலுவை எதைச் சரிசெய்ய வந்தது? ஒரு செங்கல்லை உருவினால் சுவரே சரியும்.

குரோமோசோம் ஒற்றுமை ஒரே சிருஷ்டிகர் இருப்பதைக் காட்டலாம் அல்லவா? பூமியின் வயதைப் பொறுத்தவரை, ஆதாம் குழந்தையாகப் படைக்கப்படவில்லை, வளர்ந்தவனாகவே படைக்கப்பட்டான். பூமியும் அப்படி முதிர்ந்த நிலையிலேயே படைக்கப்பட்டிருக்கலாம். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

---

மரபணு மாணவி எழுதியது:

நன்றி பிரதர். ரோமர் 5 எனக்கும் நெருடுகிறது, அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஒரே சிருஷ்டிகர் என்ற வாதத்துக்கு மட்டும் சொல்கிறேன், அது என் துறை என்பதால்.

வேலை செய்யும் உறுப்புகள் ஒன்றுபோல இருந்தால் அந்த விளக்கம் பொருந்தும். உடைந்துபோனவையும் ஒன்றுபோல உடைந்திருந்தால்? பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சியைத் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. அதன் கடைசிப் படிக்கான ஜீன் நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதைந்து கிடக்கிறது. சிம்பன்சிக்கும் மற்றக் குரங்குகளுக்கும் அதே ஜீன்தான் சிதைந்திருக்கிறது, பல இடங்களில் நம்முடைய அதே பழுதோடு. கினிப்பன்றிக்கும் இந்த ஜீன் கெட்டுப்போனது, ஆனால் பழுது வேறு விதம், தனியாக நடந்தது. நம் பழுதும் குரங்குகளின் பழுதும் ஒத்துப்போவதற்குப் பொதுவான வடிவமைப்பு என்று காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழிவழியாக வந்தது என்றால் உடனே புரிகிறது.

---

சிர்க்கான் எழுதியது:

சகோதரி, பாறைகளின் வயதைக் கணக்கிடும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சபையில் வேதபாடமும் எடுக்கிறேன். உங்கள் கேள்வி என் வாழ்க்கையின் கேள்வியும்தான்.

சகோதரர் பெரோயா சொன்ன "முதிர்ந்த பூமி"யில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் தினமும் கையில் எடுக்கிறேன்.

சிர்க்கான் என்று ஒரு கனிமம். நாங்கள் அளக்கும் பருக்கைகள் பலவும் ஒரு தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். உருகிய பாறை குளிரும்போது இந்தப் படிகம் வளர்கிறது. வளரும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் சேர்த்துக்கொள்ளும். ஈயம் அதற்குள் பொருந்தாது, அதனால் வெளியே தள்ளிவிடும். பின்னாளில் அந்தப் படிகத்துக்குள் ஈயம் இருந்தால், அது உள்ளே இருந்த யுரேனியம் சிதைந்து உண்டான ஈயம்.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. யுரேனியம்-238 சிதைந்து ஈயம்-206 ஆகிறது, பாதி சிதைய சுமார் 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 சிதைந்து ஈயம்-207 ஆகிறது, பாதி சிதைய சுமார் 70 கோடி ஆண்டு. ஒன்றின் வேகத்துக்கும் மற்றதன் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. ஒரே பருக்கையில் இரண்டையும் அளந்து தனித்தனியாகக் கணக்குப் போட்டால், நல்ல படிகத்தில் இரண்டும் ஒரே வயதைச் சொல்கின்றன. சில பருக்கைகள் இடையில் சூடேறி ஈயத்தைக் கசியவிட்டிருக்கும். அப்போது இரண்டும் முரண்படும், கசிவு நடந்ததை அந்த முரணே காட்டிக்கொடுத்துவிடும். இதை வெறும் ஊகம் என்று மேடையில் சொல்லக் கேட்கும்போது எனக்கு மனசு வலிக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற இடத்தில் எடுத்த சிர்க்கானின் வயது சுமார் 440 கோடி ஆண்டு. விண்கற்களை வைத்து கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி 1956இல் பூமிக்குக் கணக்கிட்ட வயது 455 கோடி ஆண்டு. அந்த எண் இன்றுவரை பெரிதாக அசையவில்லை.

(கார்பன் முறையை நம்ப முடியாது என்று அடிக்கடி சொல்வார்கள். கார்பன்-14இன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. சுமார் ஐம்பதாயிரம் ஆண்டுகளைத் தாண்டினால் அது உதவாது என்று அதைப் பயன்படுத்துபவர்களே சொல்கிறார்கள். பூமியின் வயதை யாரும் அதை வைத்து அளக்கவில்லை.)

இப்போது முதிர்ந்த படைப்புக்கு வருவோம். ஆதாம் வளர்ந்தவனாகப் படைக்கப்பட்டான் என்றே வைத்துக்கொள்வோம். சிறுவயதில் விழுந்து எழுந்த தழும்போடு படைக்கப்பட்டானா? நடக்காத விழுகைக்குத் தழும்பு எதற்கு? சகோதரி பார்த்த அந்த ஒட்டு, நான் பார்க்கும் கசிந்த ஈயம், இரண்டும் அந்த வகை. முதிர்ச்சிக்குத் தேவையே இல்லாத, ஒரு வரலாற்றைச் சொல்லும் அடையாளங்கள்.

வானத்தையும் பாருங்கள். 1987 பிப்ரவரியில், நம் அண்டை விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்த ஒளி நம்மை எட்டியது. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. நட்சத்திரத்தின் மையம் சரியும்போது நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் முதலில் தப்பும், ஒளி பின்னால் வரும் என்பது கணிப்பு. அப்படியே சில மணி நேரம் முன்னதாக நியூட்ரினோக்கள் கருவிகளில் பதிவாயின. சிலர் சொல்வதுபோல பிரபஞ்சத்துக்கே ஆறாயிரம் வயதுதான் என்றால் அந்த நட்சத்திரம் வெடிக்கவே இல்லை என்று ஆகும். நடக்காத ஒரு வெடிப்பின் காட்சியை, அதன் நியூட்ரினோக்கள் உட்பட, தேவன் வழியிலேயே படைத்து நமக்கு அனுப்பினார் என்று ஆகும்.

இதை நான் விஞ்ஞானியாக மறுப்பதைவிட விசுவாசியாகவே அதிகம் மறுக்கிறேன். தீத்து நிருபம் அவரைப் பொய்யுரையாத தேவன் என்கிறது. வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது என்கிறது சங்கீதம் 19. அந்த வானங்கள் நடக்காததை நடந்ததாகச் சாட்சி சொல்லும் என்று நான் எந்த முகத்தோடு பிரசங்கிப்பேன்? ஒரு வாசிப்பைக் காப்பாற்ற தேவனின் உண்மையையே விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆதியாகமத்தை வேறு விதமாக வாசிப்பது டார்வினுக்குப் பயந்து பின்வாங்குவது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. டார்வின் எழுதியது 1859இல். சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்படுகிறது, அப்படியிருக்க முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித் திருச்சபை அறிஞர் ஒரிகன் கேட்டுவிட்டார். அதை எழுத்துப்படி எடுக்கக்கூடாது என்பது அவர் பதில். அவருக்குப் பின் வந்த திருச்சபை அறிஞர் அகஸ்டின், தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நாம் புரிந்துகொள்வதற்கான வரிசை என்று கருதினார். வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களில், வேதத்தின் பெயரால் கிறிஸ்தவர்கள் பிதற்றுவது வெட்கக்கேடு என்று கண்டித்தவரும் அவர்தான். கண்ணெதிரே சோதிக்க முடிந்த விஷயத்தில் நாம் பிதற்றினால், உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவர்கள் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கிறார்.

வேதத்தையே கவனித்துப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் மிருகங்கள் முன்பு, மனிதர் பின்பு. இரண்டாம் அதிகாரத்தின் கதையில் மனிதன் முன்பு, அதன்பின் மிருகங்கள் அவனிடம் கொண்டுவரப்படுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொகுத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா? அவர்கள் அட்டவணை போடவில்லை. சூரியனையும் சந்திரனையும் தெய்வமாகக் கும்பிட்ட உலகத்தில், அவை விளக்குகள்தான், அவற்றை ஏற்றியவர் ஒருவர் இருக்கிறார் என்று அறிக்கை செய்தார்கள்.

ரோமர் 5. சகோதரரே, இதை நீங்கள் இலேசாக எடுக்காததை நான் மதிக்கிறேன். இன்றைய மனிதரின் மரபணுப் பன்மையை வைத்துப் பார்த்தால், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மனித இனம் இரண்டே பேராக இருந்தது என்பதற்கு இடமில்லை. வசனம் என்ன சொல்கிறது? "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்தது." மனுஷரைப் பற்றிப் பேசுகிறது. சிங்கத்தையும் மானையும் பற்றிப் பேசவில்லை. படைப்பைப் பாடும் சங்கீதம் 104இல், பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்து தேவனிடம் ஆகாரம் தேடுகின்றன. அது ஆதாமின் பாவ விழுகையின் விளைவாகச் சொல்லப்படவில்லை, துதியின் நடுவே வருகிறது. விலங்குகளின் மரணம் சிலுவையைப் பொய்யாக்குகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆதாமை நம் எல்லோருக்குமான தலைவனாக, பிரதிநிதியாக வாசிக்கிறேன். மனிதன் தேவனுக்கு விலகி நிற்கிறான் என்பதற்கு எனக்குப் புதைபடிவம் தேவைப்படவில்லை, என் சொந்த இருதயத்திலேயே அதைப் பார்க்கிறேன்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

நான் கத்தோலிக்கப் பின்னணி. உயர்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். மாணவி அம்மா, ஜார்ஜ் லெமைத்ரைப் பற்றிக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்.

பெல்ஜியம் நாட்டுக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து எழுதிக்காட்டினார். 1931இல், பின்னோக்கிப் போனால் எல்லாம் ஓர் ஆதி அணுவில் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். இன்று பெருவெடிப்பு என்று சொல்வதன் விதை அது.

நான் வகுப்பில் மறக்காமல் சொன்னது அதற்குப் பின் நடந்ததை. 1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஓர் உரையில், அறிவியல் இப்போது "ஒளி உண்டாகுக" என்ற கணத்துக்கே சாட்சியாகிவிட்டது என்ற தொனியில் பேசினார். எந்தக் குருவானவரும் மகிழ்ந்திருக்கக்கூடிய தருணம். லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமய, தத்துவக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது, நம்புகிறவரும் நம்பாதவரும் அதை ஒரே மாதிரி சோதிக்கலாம் என்பது அவர் நிலை. திருத்தந்தையின் அறிவியல் ஆலோசகரிடம் பேசினார். அடுத்த ஆண்டு வானியலாளர்களுக்கு ஆற்றிய உரையில் திருத்தந்தை அந்த வாதத்தைத் திரும்ப எடுக்கவில்லை.

தன் விசுவாசத்துக்குச் சாதகமாக வந்த முடிவைக்கூட விசுவாசத்தின் சான்றாக வைக்க மறுத்தார். தினமும் திருப்பலி நிறைவேற்றிய மனிதர். இந்த ஒழுக்கம்தான் உங்கள் கேள்விக்கு நான் கண்ட பதில். 1966இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு, ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச வெப்பக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த செய்தி அவருக்கு எட்டியது. அதுபற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

---

ஆதாரம் எங்கே எழுதியது:

நான் விசுவாசி இல்லை, ஒரு காலத்தில் இருந்தவன். இங்கே மரியாதையாகப் பேசுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

பூமியின் வயதிலும் பரிணாமத்திலும் சிர்க்கான் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் சுலபமான பகுதியை மட்டும் பேசிவிட்டு நிறுத்தக்கூடாது. விசுவாசமுள்ள விஞ்ஞானிகள் இருந்தார்கள் என்பது எதையும் நிரூபிக்காது. நியூட்டன் ரசவாதத்திலும் காலம் செலவிட்டார்.

கடினமான பகுதி இரண்டு. ஒன்று, ஜெபம். இருதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. தங்களுக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம். தங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்த குழுவில் 59 சதவீதம். மருந்து ஒன்றுக்கு இப்படி முடிவு வந்திருந்தால் மூட்டைகட்டி வைத்திருப்போம்.

இரண்டு, உயிர்த்தெழுதல். ஆதியாகமத்தை உவமையாக வாசிக்கலாம். கல்லறையையும் அப்படி வாசிப்பீர்களா? வாசிக்கமாட்டீர்கள் என்றால், லேபில் கேட்கும் கேள்வியை அங்கே ஏன் கேட்பதில்லை? என்ன தெரிந்தால் உங்கள் நம்பிக்கையை விடுவீர்கள்? எதுவுமே இல்லை என்றால், மாணவி சொன்ன ஒரே மனசாட்சி எங்கே?

---

சிர்க்கான் எழுதியது:

நண்பரே, இதைக் கேட்டதற்கு நன்றி. இதைத் தவிர்த்துவிட்டு மாணவிக்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த 2006 ஆய்வு எனக்குத் தெரியும். "தேவனைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வசனத்தைக் காட்டி நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். முடிவு நமக்குச் சாதகமாக வந்திருந்தால் எத்தனை சபைகளில் கைப்பிரதி அடித்திருப்பார்கள்! சாதகமாக வந்தால் ஏற்போம், பாதகமாக வந்தால் வசனம் சொல்வோம் என்பது நேர்மை இல்லை. முன்பின் தெரியாதவர்கள் பட்டியலில் இருந்து பெயரைச் சொல்லி ஜெபிப்பதால் அறுவைசிகிச்சையின் சிக்கல் குறைவதில்லை. அந்த ஆய்வு காட்டியது அது, அதை ஏற்கிறேன்.

வியாதிப்பட்டவர்களுக்காக இன்றும் முழங்காலில் நிற்கிறேன். மருந்தின் வேலையை ஜெபம் செய்யும் என்று எண்ணி அல்ல. கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே கேட்டது கிடைக்கவில்லை. "என் சித்தத்தின்படியல்ல" என்று அந்த ஜெபம் முடிந்தது. நான் கற்ற ஜெபம் அது. ஜெபித்தாயிற்று, மாத்திரையை நிறுத்து என்று யாராவது ஒரு நோயாளியிடம் சொன்னால், சபை என்றும் பார்க்காமல் எழுந்து எதிர்ப்பேன். உயிர் போகிற விஷயம் அது.

கல்லறையை நான் உவமையாக வாசிப்பதில்லை. பவுலும் அதற்கு இடம் வைக்கவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா (வீண்), உங்கள் விசுவாசமும் விருதா என்று எழுதிவைத்துவிட்டார். பொய்யானால் எல்லாம் போச்சு என்று தன் நம்பிக்கையைத் தானே பந்தயத்தில் வைத்தவர். அதனால் உங்கள் கேள்விக்கு ஒளிந்துகொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும்.

ஆதாரம் எதுவரை வருகிறது? பவுல் இதைச் சொல்லும் கடிதம் (1 கொரிந்தியர்) ஏறத்தாழ கி.பி. 55இல் எழுதப்பட்டது, சிலுவைக்கு ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குப் பின். கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறு பேர், யாக்கோபு என்று உயிர்த்த இயேசுவின் தரிசனம் பெற்றவர்களின் பட்டியலை, தான் பெற்றுக்கொண்டதாகவே அதில் தருகிறார். ஆக அந்த அறிக்கை கடிதத்தைவிடப் பழையது. பிற்காலத்தில் வளர்ந்த புராணம் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சீக்கிரமே, இயேசுவை அறிந்தவர்கள் இதைச் சொன்னார்கள். சபையைத் துன்புறுத்திய பவுலே அதில் ஒரு சாட்சி. இது வரலாறு எட்டும் தூரம்.

இது எதைக் காட்டுகிறது? அவர்கள் அதை உண்மையென்று நம்பினார்கள் என்பதை. நடந்தது என்பதை இது நிரூபித்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மனிதர் உண்மையாக நம்பியும் தவறியிருக்கிறார்கள். அங்கிருந்து நான் எடுத்துவைக்கும் அடி விசுவாசம். என் கையெழுத்துப் போட்ட வயது அறிக்கையும் என் விசுவாசப் பிரமாணமும் ஒரே வகை உறுதி உள்ளவை என்று யாரிடமும் சொல்லமாட்டேன். முதலாவதை நீங்கள் எந்த ஆய்வகத்திலும் திரும்பச் செய்து பார்க்கலாம். இரண்டாவதுக்கு நான் என்னையே கொடுத்திருக்கிறேன்.

மரித்தவர் எழுவதில்லை என்பதை இன்றைய விஞ்ஞானம் வந்துதான் சொல்லவேண்டும் என்று இல்லை. சீஷன் தோமாவுக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் காயத்தில் விரலை இட்டுப் பார்க்க வேண்டும் என்றான். அவன் துரத்தப்படவில்லை, கையை நீட்டு என்று அழைக்கப்பட்டான். இயற்கை மாறாமல் நடக்கிறது என்று நம்பாவிட்டால் அது அற்புதம் என்றே தோன்றாது.

என்ன தெரிந்தால் விடுவேன்? சீஷர்கள் கூடிப்பேசி இட்டுக்கட்டினார்கள் என்பதற்கு அக்காலத்துச் சான்று உறுதியாகக் கிடைத்தால், பவுலின் சொல்லை நான் பவுலுக்கே திருப்பிக் கொடுப்பேன். பிரசங்கமும் விருதா, விசுவாசமும் விருதா. அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்தே இதை எழுதுகிறேன்.

---

ஆதாரம் எங்கே எழுதியது:

என்னால் அந்த அடியை எடுத்துவைக்க முடியவில்லை ஐயா. ஆதாரம் நிற்கும் இடத்தில் நானும் நின்றுவிடுகிறேன். ஆனால் எங்கே அடி எடுக்கிறீர்கள் என்று காட்டிவிட்டு எடுக்கிறீர்கள். நான் விட்டுவந்த இடத்தில் அப்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாத்திரை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன்.

---

பெரோயா பட்டணத்தான் எழுதியது:

ஆதாமைப் பிரதிநிதியாக வாசிப்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் தராசின் இரண்டு தட்டில் வைக்கிறார், ஒருவர் வரலாறு என்றால் மற்றவரும் வரலாறாக இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பொய்யுரையாத தேவன் என்று நீங்கள் எழுதியது என்னை நிறுத்திவிட்டது. நட்சத்திர ஒளியை இனி நான் அப்படி விளக்கமாட்டேன். சங்கீதம் 104ஐத் திரும்ப வாசிக்கிறேன்.

---

மரபணு மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஆசிரியை அம்மா, லெமைத்ரைப் பற்றி நீங்கள் எழுதியதை அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

வகுப்பில் பேசப்போவதை எழுதிப் பார்த்தேன். டைனோசர்கள் பேழையில் இல்லை. பறவையாக மாறிய கிளை தவிர, மற்றவை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன, நம்மைப் போன்ற மனிதர் வந்து சுமார் மூன்று லட்சம் ஆண்டுதான். இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று அவர்களுக்கே காட்டுவேன், சிர்க்கான் கடிகாரங்களைப் பலகையில் வரைந்து. பிறகு ஆதியாகமம் முதல் அதிகாரத்தைச் சத்தமாக, பாட்டு மாதிரி, எல்லோருமாக வாசிப்போம். "நல்லது என்று கண்டார்" என்ற வரி வரும்போதெல்லாம் பிள்ளைகள் சேர்ந்து சொல்லட்டும்.

ஒன்று மட்டும் யோசனையாக இருக்கிறது. வீட்டில் வேறு மாதிரி கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். பெற்றோரோடு அவர்களை மோதவிட நான் விரும்பவில்லை.

---

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

வகுப்புக்கு முன்னால் போதகரிடம் பேசிவிடுங்கள் அம்மா. அவர் மூன்றாம் ஆள் சொல்லிக் கேள்விப்படக்கூடாது. பிள்ளைகளிடம், விசுவாசமுள்ள பெரியவர்களே இதைப் பல விதமாக வாசிக்கிறார்கள், இந்த அக்கா இப்படி வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, இந்த இழையிலேயே பார்க்கிறோம். பாறையின் வயதைச் சொல்லும்போது மட்டும் "ஒருவேளை" போடாதீர்கள். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவே கேட்கப் பிள்ளைகளுக்கு உரிமை இருக்கிறது.

---

மரபணு மாணவி எழுதியது:

சரி அம்மா. போதகரிடம் நேரம் கேட்டு இப்போதுதான் செய்தி அனுப்பினேன், வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். அகஸ்டின் சொன்னதையும் சங்கீதம் 104ஐயும் கொண்டுபோகிறேன். பெரோயா பிரதரின் கேள்வியைத்தான் அவரும் முதலில் கேட்பார் என்று நினைக்கிறேன், அதனால் ரோமர் 5ஐ இன்று ராத்திரி முழுசாக உட்கார்ந்து வாசிக்கப்போகிறேன். என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.